பொழுது சாய்ந்ததும் புறப்பட்டு விடுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால், "எங்கே போகலாம்?" என்ற பேச்சு வீட்டில் தொடங்கிவிடும். சினிமாவுக்கா, கோயிலுக்கா, கடற்கரைக்கா? குழந்தைகளைக் கேட்டால் கடற்கரை என்றுதான் சொல்வார்கள். செலவும் குறைவு. நல்ல காற்றும் கிடைக்கும்.

சூரியன் கடலில் இருந்து எழுவதைப் பார்க்க வேண்டுமானால், நம் கிழக்குக் கரையில் எங்கே நின்றாலும் பார்க்கலாம். ஆனால், அதே சூரியன் மாலையில் கடலிலேயே மறைவதையும் பார்க்க வேண்டும் என்றால்? அது எல்லா ஊரிலும் நடக்காது.

"கன்னியாகுமரியில் நடக்குமே!" என்பீர்கள். சரிதான். இன்னும் ஓர் ஊர் இருக்கிறது. அதுதான் நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள கோடியக்கரை.

அங்கே கடல் மட்டும் அல்ல, காடும் இருக்கிறது. காட்டில் மான் இருக்கிறது. சதுப்பு நிலத்தில் வெளிநாட்டுப் பறவை இருக்கிறது. கரையில் ஆமை முட்டை இடுகிறது. இத்தனையும் ஒரே இடத்தில்! குடும்பத்தோடு ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டிய ஊர்.

போக வேண்டும் என்று சொல்வதற்காக மட்டும் இதை எழுதவில்லை. எப்போது திரும்ப வேண்டும் என்று சொல்வதற்காகவும் எழுதுகிறோம்.

கரை திரும்பும் மூலை

தமிழ்நாட்டின் படத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையில் இருந்து தெற்கே நேராக வருகிற கரை, ஓர் இடத்தில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. முழங்கையை மடக்கியது போல் இருக்கும். அந்த முழங்கை முனைதான் கோடியக்கரை.

முனைக்குக் கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே பாக் ஜலசந்தி. கடலுக்கு அப்பால், சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இலங்கையின் வடகரை.

காலையில் கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் கடலில் எழுவதைக் காணலாம். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்மேற்கே சாய்ந்து மறையும். அப்போது தெற்குக் கரையில் நின்றால், அது கடலில் இறங்குவதையும் காணலாம்.

கல்கியின் "பொன்னியின் செல்வன்" படித்தவர்களுக்கு இந்த ஊர் புதிது அல்ல. பூங்குழலி படகு செலுத்திய கோடிக்கரை இதுதான்.

உப்பளங்களின் நடுவே

கோடியக்கரைக்குப் போகிறவர்கள் வேதாரண்யம் வழியாகப் போக வேண்டும். நாகப்பட்டினத்தில் இருந்தும் திருத்துறைப்பூண்டியில் இருந்தும் வேதாரண்யத்துக்குப் பஸ் உண்டு. வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் கோடியக்கரை. திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி அகல ரயில் பாதை 2023-ம் ஆண்டு திறக்கப்பட்டது.

வேதாரண்யம் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. வேதங்கள் பூசை செய்து மூடிவிட்டுப் போன கதவு, நெடுங்காலம் திறக்காமலே கிடந்ததாம். அப்பர் வந்து பாடினார். கதவு திறந்தது. பிறகு சம்பந்தர் பாடினார். கதவு மூடியது. இது பக்தர்கள் சொல்லும் வரலாறு. இந்தக் கதைக்குக் கடைசியில் மறுபடியும் வருவோம்.

வேதாரண்யத்தைத் தாண்டினால் உப்பளங்கள். வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்கள். 1930-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியில் இருந்து கால்நடையாகப் புறப்பட்டார். வழியெல்லாம் போலீஸ் கெடுபிடி. சோறு போட்டவர்கள் மீதுகூட வழக்கு. அப்படி நடந்து வந்து, ஏப்ரல் 30-ந் தேதி சட்டத்தை மீறி உப்பு அள்ளிக் கைதான இடம் இந்த அகஸ்தியம்பள்ளிதான். குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள், அங்கே ஐந்து நிமிடம் நின்று இதைச் சொல்லிக் கொடுங்கள்.

முறுக்குக் கொம்பு மான்

உப்பளங்களைக் கடந்தால் காடு தொடங்குகிறது. 1967-ம் ஆண்டு இதை வனவிலங்கு சரணாலயம் என்று அரசாங்கம் அறிவித்தது. காரணம், வெளிமான்.

நாம் வழக்கமாகப் பார்ப்பது புள்ளிமான். அதன் கொம்பு கிளை கிளையாகப் பிரியும். வெளிமான் வேறு. ஆண் மானுக்கு முதுகு கருப்பு. வயிறு வெள்ளை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கொம்போ, திருகாணி போல முறுக்கிக்கொண்டு மேலே போகும். பெண் மானுக்குக் கொம்பு இல்லை, பழுப்பு நிறம்.

இது அடர்ந்த காட்டில் வாழ்கிற மான் அல்ல. புல்வெளிதான் அதன் வீடு. தூரத்தில் பகை வந்தாலும் தெரிய வேண்டும். தெரிந்தால் ஓடிவிட வேண்டும். கண்ணும் காலும்தான் அதற்குப் பாதுகாப்பு. நான்கு காலும் தரையில் படாமல் அது துள்ளித் துள்ளி ஓடும் காட்சி, கண்கொள்ளாக் காட்சி!

தமிழ்நாட்டில் கிண்டி, மாயாறு, வல்லநாடு போன்ற சில இடங்களில்தான் வெளிமான் உண்டு. கடல் அலை ஓசை கேட்கும் தூரத்தில் அது கூட்டம் கூட்டமாக மேய்வதைப் பார்க்க வேண்டுமானால், கோடியக்கரைக்குத்தான் வர வேண்டும்.

புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி, குரங்கு ஆகியவையும் இங்கே உண்டு. எப்போதோ மனிதர்கள் வளர்த்து, பிறகு காட்டிலேயே பெருகிவிட்ட மட்டக் குதிரைகளும் திரிகின்றன. மரங்களில் பாலை மரம் அதிகம். காட்டின் நடுவே ஒரு மணல் மேடு. அதன்மேல் ராமர் பாதம். இலங்கையை நோக்கி ராமர் நின்ற இடம் என்று மக்கள் வணங்குகிறார்கள்.

மூன்று நாணயம் எடையுள்ள விருந்தாளி

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்கிறது. சதுப்பு நிலத்தில் மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கின்றன. சிறு மீன், இறால், புழு, பூச்சி எல்லாம் பெருகுகின்றன. பறவைகளுக்கு அதுதான் விருந்து. அந்த விருந்துக்காகவே வெளிநாட்டில் இருந்து பறவைகள் வருகின்றன.

எல்லோரும் தேடுவது பூநாரையை. நாலைந்து அடி உயரம். குச்சி போல் நீண்ட கால். பறக்கும்போது இறக்கையின் உள்புறம் செக்கச் செவேல் என்று இருக்கும். மற்றப் பறவைகள் அலகை நேராக வைத்துத் தின்னும். பூநாரை மட்டும் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடிகட்டித் தின்னும். பிறக்கும்போது அதன் குஞ்சு சாம்பல் நிறம்தான். தின்னும் இரையில் உள்ள சத்துதான் பிறகு அதற்குச் சிவப்பு நிறம் தருகிறது.

பூநாரையின் காலடியில் சின்னஞ்சிறு பறவைகள் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் அதைக் கவனிப்பது இல்லை. அதன் பெயர் கொசு உள்ளான். எடை எவ்வளவு தெரியுமா? மூன்று பத்து ரூபாய் நாணயங்களைக் கையில் வைத்துப் பாருங்கள். ஏறத்தாழ அவ்வளவுதான்!

அந்தத் துளிப் பறவை எங்கிருந்து வருகிறது? உலகத்தின் வடகோடியில், பனி மூடிய சைபீரியாவில் இருந்து வருகிறது. அங்கே கோடை காலத்தில் முட்டை இட்டுக் குஞ்சு பொரிக்கிறது. குளிர் வந்ததும் புறப்பட்டு, மலையும் பாலைவனமும் தாண்டி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகிறது. விமானம் இல்லை. வழிகாட்டி இல்லை. பங்குனி, சித்திரையில் மறுபடியும் அதே தூரம் பறந்து திரும்ப வேண்டும்.

இதெல்லாம் கட்டுக் கதை அல்ல. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் பல ஆண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டிப் பறக்க விட்டு ஆராய்ந்தார்கள். பறவை மேதை சாலிம் அலி நேசித்த இடம் இது. 2002-ம் ஆண்டு இந்தச் சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலான "ராம்சர்" பட்டியலில் சேர்ந்தது.

"அது சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சேப்பா!"

சென்ற தை மாதம் கோடியக்கரைக்குப் போயிருந்தோம். உப்பளத்து ஓரம் ஒரு கார் நின்றது. உள்ளே இருந்து ஒரு குடும்பம் இறங்கியது. தகப்பனார், தாயார், இரண்டு குழந்தைகள். தண்ணீரில் நூற்றுக்கணக்கான உள்ளான்கள் இரை பொறுக்கிக்கொண்டிருந்தன.

தகப்பனார் கையில் செல்போன். படம் எடுக்கப் பார்த்தார். பறவைகள் தரையிலேயே இருந்தன. படம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"டேய், ஒரு கல்லைத் தூக்கிப் போடுடா. பறக்கட்டும்" என்றார்.

பையனுக்கு எட்டு வயது இருக்கும். கல்லை எறிந்தான். அவ்வளவு பறவைகளும் ஒரே வீச்சில் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, தொலைவில் போய் இறங்கின. தகப்பனாருக்கு நல்ல படம் கிடைத்தது. சிரித்தார்.

பையன் சிரிக்கவில்லை. "அது சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சேப்பா!" என்றான்.

தகப்பனார் பதில் சொல்லவில்லை. காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டோம். தம் பிள்ளைகளுக்குப் பறவையைக் காட்ட வேண்டும் என்று நினைத்து அவ்வளவு தூரம் வந்தவர் அவர். ஆனால், பையன் கண்டுபிடித்ததை அவர் கண்டுபிடிக்கவில்லை.

அந்தப் பறவை சும்மா தின்னவில்லை. சைபீரியாவுக்குத் திரும்பிப் போக வேண்டிய பயணத்துக்காகத் தின்கிறது. தின்றது கொழுப்பாக உடம்பில் சேர வேண்டும். அந்தக் கொழுப்புதான் வழியில் அதற்குப் பெட்ரோல். ஒவ்வொரு தடவை பயந்து எழும்போதும் அந்தப் பெட்ரோல் கொஞ்சம் செலவாகிறது. தின்னும் நேரமும் வீணாகிறது. ஒரு கார் கல் எறிந்தால் பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். விடுமுறை நாளில் நூறு கார் வருகிறதே! நூறு காரும் எறிந்தால்?

அந்தி நேரம்

மாலையில் தெற்குக் கரைக்குப் போனோம். சூரியன் இறங்கத் தொடங்கியது. முதலில் மஞ்சள். பிறகு செம்மஞ்சள். பிறகு குங்குமச் சிவப்பு. கடல் தண்ணீர் முழுவதும் செப்புத் தகடு போல மின்னியது. நாரைகள் வரிசையாகக் கூட்டுக்குத் திரும்பின. குழந்தைகள்கூடச் சத்தம் போடாமல் நின்றார்கள். சூரியன் பாதி முங்கி, முக்கால் முங்கி, ஒரு புள்ளியாகி மறைந்தது. கூடியிருந்தவர்கள் தங்களை அறியாமல் "ஆகா!" என்றார்கள்.

அதன் பிறகு எல்லோரும் திரும்பி இருக்க வேண்டும். பலர் திரும்பினார்கள். சிலர் திரும்பவில்லை. செல்போன் விளக்குகள் எரிந்தன. ஒரு கூட்டம் பாட்டு வைத்தது. வனக்காவலர் ஒருவர் வந்து, "கிளம்புங்க சார், நேரமாகிவிட்டது" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். "கடற்கரைதானே! இங்கே உட்கார்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார் ஓர் இளைஞர்.

நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டும்.

இருட்டில் வரும் தாய்

தை, மாசி, பங்குனி மாதங்களில், இருட்டிய பிறகு, கடலில் இருந்து ஒரு தாய் கரைக்கு வருகிறாள். அவள்தான் பங்குனி ஆமை. எடை சுமார் 40 கிலோ இருக்கும். தண்ணீரில் மீன் போல நீந்துகிற ஆமைக்குத் தரையில் நடப்பது பெரும் பாடு. துடுப்புக் கால்களால் உந்தி உந்தி மணல் மேட்டுக்கு ஏறுகிறது. பின்னங்கால்களால் பானை போல் ஒரு குழி தோண்டுகிறது. அதில் நூறு முட்டைக்கு மேல் இடுகிறது. குழியை மூடி, தன் உடம்பாலேயே மணலைத் தட்டிச் சமப்படுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது.

ஏறி வரும்போது வெளிச்சத்தையோ ஆளையோ கண்டால் என்ன செய்யும்? முட்டை இடாமலே திரும்பிவிடும்.

ஏறக்குறைய 50 நாள் கழித்து, இரவில் குஞ்சுகள் மணலைப் பிளந்துகொண்டு வெளியே வருகின்றன. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுகள். தாய் கூட இல்லை. கடல் எந்தப் பக்கம் என்று யார் சொல்வார்கள்? இயற்கை ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. இரவில் தரையைவிடக் கடல்பக்கம்தான் வெளிச்சமாக இருக்கும். எங்கே வெளிச்சமோ, அங்கே ஓடு! இந்த ஒரே பாடத்தோடுதான் குஞ்சு பிறக்கிறது.

கரையில் நாம் விளக்கு வைத்தால், குஞ்சு நம் விளக்கை நோக்கி ஓடி வருகிறது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஊரை நோக்கி ஓடுகிறது. நரியும் நாயும் காத்திருக்கின்றன. அதில் தப்பினால் காலை வெயில். ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் பிழைத்துப் பெரிய ஆமை ஆகிறது என்பார்கள். அந்த ஒன்றையும் நாம் வழி மாற்றி விடலாமா?

"யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்ட இளைஞருக்கு இதுதான் விடை.

வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அவர்கள் அனுமதித்தால், விளக்குப் போடாமல் ஒதுங்கி நின்று அதைப் பார்க்கலாம். குழந்தைகள் ஆயுள் முழுவதும் மறக்க மாட்டார்கள்.

கடலிலும் ஆபத்து

சுற்றுலா வருகிறவர்கள் மீது மட்டும் பழி போடுவது நியாயம் ஆகாது. 2025-ம் ஆண்டு ஜனவரியில், சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. பத்திரிகைகளில் படம் பார்த்திருப்பீர்கள்.

ஆமை மீன் அல்ல. மூச்சு விட மேலே வர வேண்டும். விசைப்படகின் இழுவலையில் மாட்டிக்கொண்டால், மேலே வர முடியாமல் மூச்சு முட்டிச் செத்துவிடும். முட்டை இடும் காலத்தில் ஆமைகள் கரை ஓரமாகவே திரியும். கரை ஓரத்தில் இழுவலை போடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டத்தை மீறும்போது சாவு நேரிடுகிறது.

இதற்கு ஒரு வழி உண்டு. வலையின் நடுவில் ஒரு கம்பிச் சட்டம் பொருத்தி, பக்கத்தில் ஒரு திறப்பு விடுவார்கள். இறால் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து வலையின் கடைசிக்குப் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, திறப்பு வழியாகத் தப்பிவிடும். அதில் கொஞ்சம் மீனும் தப்பிவிடுகிறதே என்று மீனவர்கள் வருந்துகிறார்கள். அவர்களுடைய வருத்தத்தைத் தள்ளிவிட முடியாது. நஷ்டத்துக்கு அரசாங்கம் ஈடு செய்தால், பொருத்த மாட்டோம் என்று யார் சொல்லப் போகிறார்கள்?

அடி மேல் அடி

கோடியக்கரைக்கு இயற்கையே பல அடி கொடுத்திருக்கிறது. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே "கஜா" புயல் கரை கடந்தது. ஊர்களில் வீடு போயிற்று, தென்னை போயிற்று. காட்டில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. மான்கள் மடிந்தன.

போதாததற்குச் சீமைக் கருவேலம் புகுந்திருக்கிறது. புல்வெளியில் அது முளைத்தால் புல் இருக்காது. புல் இல்லாவிட்டால் வெளிமான் இருக்காது. வனத்துறை வெட்டுகிறது, அது மீண்டும் முளைக்கிறது. தெருநாய்கள் மான் குட்டிகளைத் துரத்துகின்றன.

இத்தனை துன்பங்களுக்கு நடுவே தப்பிப் பிழைத்த உயிர்கள்தான் நாம் அங்கே பார்ப்பவை. அவற்றுக்கு நாமும் ஒரு துன்பம் ஆகக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

கோடியக்கரைக்குப் போகிறவர்கள் சிலவற்றை மனதில் வைத்தால் போதும்.

பறவையைப் பார்த்தால் கல் எறியாதீர்கள். கை தட்டாதீர்கள். ஹாரன் அடிக்காதீர்கள். பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். பறவை தானாகவே பக்கத்தில் வரும்.

மானைப் பார்த்தால் காரை மெதுவாக நிறுத்துங்கள். இறங்கித் துரத்தாதீர்கள்.

குரங்குக்கு வாழைப்பழம், முறுக்குப் போடாதீர்கள். போடுகிற உங்களுக்குப் புண்ணியம் என்று தோன்றும். ஆனால் குரங்கு காட்டில் இரை தேடுவதை மறந்துவிடும். சாலையில் உட்கார்ந்து கார் சக்கரத்தில் மாட்டும். நாளைக்கு வேறொரு குழந்தையின் கையைக் கடிக்கும்.

பிளாஸ்டிக் பை எடுத்துப் போகாதீர்கள். ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019-ம் ஆண்டு ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. தண்ணீரில் மிதக்கும் பை, ஆமையின் கண்ணுக்கு ஜெல்லி மீன் போலத் தெரியும். தின்றுவிடும். வீட்டில் இருந்து தூக்குச் சட்டியில் புளிசாதம் கொண்டு போங்கள். நம் பாட்டிமார் அப்படித்தானே கொண்டு போனார்கள்!

எல்லாவற்றுக்கும் மேலாக, சூரியன் மறைந்ததும் புறப்பட்டு விடுங்கள்.

அரசாங்கம் செய்ய வேண்டியது

மக்களுக்குப் புத்தி சொன்னால் மட்டும் போதாது. அரசாங்கமும் தன் பங்கைச் செய்ய வேண்டும்.

ஏன் விளக்குப் போடக் கூடாது, ஏன் கல் எறியக் கூடாது என்ற காரணத்தை, பெரிய எழுத்தில், எளிய தமிழில், படத்தோடு எழுதி வைக்க வேண்டும். "மீறினால் அபராதம்" என்ற பலகையைப் பார்த்து யாரும் திருந்துவது இல்லை. காரணம் தெரிந்தால் திருந்துவார்கள்.

நல்ல குடிதண்ணீர் தாராளமாக வைக்க வேண்டும். குடிதண்ணீர் இருந்தால் பாட்டில் எதற்கு?

முட்டை இடும் காலத்தில், கரையை ஒட்டிய ஊர்களில் கடலைப் பார்த்து எரியும் விளக்குகளுக்கு மறைப்புப் போட வேண்டும். விளக்கை அணைத்து ஊரை இருட்டாக்கச் சொல்லவில்லை. வெளிச்சம் தெருவில் விழட்டும்; கடலில் விழ வேண்டாம்.

உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக நியமிக்க வேண்டும். எந்தப் பறவை எந்த மாதம் வரும், ஆமை எங்கே ஏறும் என்று மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே தெரியும். அந்த அறிவுக்குச் சம்பளம் கிடைக்கட்டும். மானும் பறவையும் இருந்தால்தான் தங்கள் வீட்டில் அடுப்பு எரியும் என்று ஆகிவிட்டால், ஊரே காவல் காக்கும்.

"இப்படி எல்லாம் கட்டுப்பாடு வைத்தால் கூட்டம் குறையுமே, கடைக்காரர்கள் பிழைப்பு என்ன ஆவது?" என்று கேட்கலாம். கூட்டம் வருவதே பறவைக்காகவும் மானுக்காகவும்தான். அவை போய்விட்டால் யார் வருவார்கள்? மணலும் அலையும் எல்லா ஊரிலும் இருக்கிறதே!

திறப்பதும் மூடுவதும்

வேதாரண்யம் கோயில் கதவுக் கதையைச் சொன்னோம். அப்பர் பாடித் திறந்தார். சம்பந்தர் பாடி மூடினார். கதவு என்று இருந்தால் திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும்.

நாம் ஒருவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறோம். வாசலில் வரவேற்கிறார்கள். பேசுகிறோம், சாப்பிடுகிறோம். வீட்டுக்காரர்கள் படுக்கும் நேரம் வந்ததும், "போய் வருகிறோம்" என்று எழுந்துவிடுகிறோம். அதுதானே மரியாதை? கோடியக்கரை ஆமையின் வீடு, மானின் வீடு, பறவைக்குக் குளிர்கால வீடு. பகல் முழுவதும் அந்த வீட்டின் கதவு நமக்குத் திறந்திருக்கிறது. சூரியன் மறைந்ததும் மூடிக்கொள்ளட்டும்.

கல் எறிந்த அந்தச் சிறுவனை அடிக்கடி நினைத்துக்கொள்கிறோம். அவனுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஒரு பறவை தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தான். அதைக் கெடுத்துவிட்டோம் என்று அவனுக்கே தோன்றியது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். அடுத்த மார்கழியிலோ தையிலோ கோடியக்கரைக்கு அழைத்துப் போங்கள். மானைக் காட்டுங்கள். பூநாரையைக் காட்டுங்கள். மூன்று நாணயம் எடையுள்ள உள்ளானையும் மறக்காமல் காட்டுங்கள். மாலையில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கட்டும்.

பிறகு கையைப் பிடித்து அழைத்து வந்துவிடுங்கள். "ஏன் இப்பவே போகணும்?" என்று கேட்கும். ஆமை வரும் நேரம் ஆகிவிட்டது என்று சொல்லுங்கள். பிள்ளைக்குப் புரியும்.